குருடாக்குவது நோக்கமில்லையாம்

லேசரைப் பற்றி நாங்கள் எழுதினால் "ஆர்ட்ஸ் படிக்கிற ஆக்களுக்கு இதில என்ன வேலை?" எண்டு கேட்பினம். கேட்கட்டும். ஒரு லேசர் எவ்வளவு தூரம் வரைக்கும் கண்ணைச் சுடும் எண்டு கணக்குப் போடுறது பௌதிகம். அந்தக் கணக்கில் யாருடைய கண் சேர்க்கப்பட்டிருக்கு, யாருடைய கண் விடுபட்டிருக்கு எண்டு கேட்கிறது அரசியல். இந்த இரண்டாவது கேள்வியை ஒருவரும் கேட்காததால்தான், முதலாவது கேள்விக்கான விடைகள் இராணுவங்களின் அலுமாரிகளுக்குள்ளேயே கிடக்கின்றன.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். திறந்த வெளியில் படைகள் பயன்படுத்தும் லேசர்களால் கண்ணுக்கு வரக்கூடிய ஆபத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. அது நல்ல முறை. ஆனால் அது வேலி போட்ட பயிற்சித் திடலுக்காகச் செய்யப்பட்டது. இன்றைக்கு லேசர் அடிக்கப்படுவது கடலில், சோதனைச் சாவடியில், விமானத் தளத்தைச் சுற்றியுள்ள வானத்தில். அங்கே வேலியும் இல்லை, கணக்கும் இல்லை. சட்டம் இருக்கிறதே என்றால், அந்தச் சட்டம் கண்ணைப் பார்க்காமல் நோக்கத்தைப் பார்க்கிறது.

மலபாஸ்குவா

2023 பெப்ரவரி 6ஆம் திகதி, தென்சீனக் கடலில் இரண்டாம் தோமஸ் மணற்திட்டுக்குப் பக்கத்தில், பிலிப்பைன்ஸ் கரையோரக் காவற்படையின் மலபாஸ்குவா என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திட்டில் நிற்கும் தங்கள் கடற்படையினருக்குப் பொருட்கள் கொண்டுபோகும் பயணத்துக்குத் துணையாகப் போன கப்பல் அது. சீனக் கரையோரக் காவற்படைக் கப்பல் ஒன்று அதை மறித்து, பச்சை லேசரை அடித்தது. கப்பலை ஓட்டும் தளத்தில் நின்ற சிலருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை என்று பிலிப்பைன்ஸ் அறிவித்தது. அது "இராணுவத் தரத்திலான லேசர்" என்றும் சொன்னது.

சீன வெளிவிவகார அமைச்சு சொன்ன பதிலைக் கவனமாகப் படியுங்கோ. அது கையில் பிடிக்கும் வேகமானியும் கையில் பிடிக்கும் பச்சை ஒளிக் குறிகாட்டியுமாம். தூரத்தையும் வேகத்தையும் அளந்து, கடற்பயணப் பாதுகாப்பை உறுதிப்படுத்தத்தான் பயன்படுத்தினார்களாம். ஒருவரையும் குறிவைக்கவில்லையாம்.

இந்தப் பதில் ஒரு சாட்டு மட்டும் இல்லை. சர்வதேசச் சட்டத்தில் எந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் சொல்லும் பதில் அது. சீனாவும் அந்தச் சட்டத்தில் ஒப்பமிட்ட நாடு, பிலிப்பைன்சும் ஒப்பமிட்ட நாடு. அப்படியிருந்தும் அந்தச் சட்டத்தால் மலபாஸ்குவாவில் நின்றவர்களுக்கு ஒன்றும் செய்ய ஏலாமல் போனது. ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் எதைக் குருடு என்கிறது?

1995 ஒக்டோபரில் வியன்னாவில், குறிப்பிட்ட மரபுரீதியான ஆயுதங்கள் பற்றிய சமவாயத்தின் நான்காவது நெறிமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. குருடாக்கும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் நெறிமுறை அது. 1998 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2004இல் அதில் இணைந்தது. அந்தக் காலத்தில் இது பெரிய வெற்றி, அதை நாங்கள் மறுக்கவில்லை. சீன நிறுவனம் ஒன்று எதிரியின் கண்ணைக் காயப்படுத்தும் லேசரை 1995இல் ஆயுதக் கண்காட்சியில் பகிரங்கமாக விற்பனைக்கு வைத்தது. அமெரிக்காவும் தன்னுடையதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் விடாமல் அழுத்தம் கொடுத்து, போர்க்களத்துக்கு வர முன்னமே ஓர் ஆயுதத்தைத் தடைசெய்ய வைத்தன. அமெரிக்கா தன் திட்டத்தைக் கைவிட்டது. இப்படி முன்கூட்டியே ஓர் ஆயுதம் தடைசெய்யப்பட்டது 1868க்குப் பிறகு அதுதான் முதல்தடவை என்று செஞ்சிலுவைக் குழு பெருமையோடு சொல்வதுண்டு.

இனி அந்த நெறிமுறையின் வாசகங்களுக்கு வருவோம். முழுவதும் படித்தாலும் ஒரு பக்கம் தாண்டாது. நான்கு இடங்களில் எங்களுக்குத் தலையில் அடித்தது போல இருந்தது.

ஒன்று. நிரந்தரக் குருட்டை உண்டாக்குவதற்கென்றே "விசேடமாக வடிவமைக்கப்பட்ட" லேசருக்குத்தான் தடை. தூரம் அளக்க, குறி காட்ட, எதிரியின் கருவியைக் குழப்ப, ஆளைத் திகைக்க வைக்க என்று வடிவமைக்கப்பட்டது கண்ணைச் சுட்டால் அது தடைக்குள் வராது.

இரண்டு. சட்டபூர்வமான இராணுவப் பாவனையில் தற்செயலாகவோ பக்கவிளைவாகவோ வரும் குருடு தடைக்குள் வராது என்று மூன்றாவது உறுப்புரை வெளிப்படையாகவே சொல்கிறது.

மூன்று. பாதுகாக்கப்படுவது வெறுங்கண்ணும் கண்ணாடி போட்ட கண்ணும் மட்டும். தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. கடலில் தொலைநோக்கியால் பார்க்கிறவர் யார்? படகோட்டி. கமராவின் நீண்ட வில்லைக்குள்ளால் பார்க்கிறவர் யார்? செய்தியாளர்.

நான்கு. "நிரந்தரக் குருடு" என்றால், திருத்தவே முடியாதபடி பார்வை 20/200க்குக் கீழே போயிருக்க வேண்டும். அதையும் இரண்டு கண்ணையும் வைத்து அளக்க வேண்டும். அதாவது ஒரு கண் முழுவதாகப் போய் மற்றக் கண் நன்றாக இருந்தால், இந்தச் சட்டத்தின் கணக்கில் நீங்கள் குருடர் இல்லை.

ஒரு கண் போனவரிடம் போய் இதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கோ, பார்ப்போம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் கண் படம் வரைந்து பெயர் குறித்த ஞாபகம் எல்லாருக்கும் இருக்கும். விழிவெண்படலம், கண்மணி, வில்லை, விழித்திரை, மஞ்சட்பொட்டு. அந்தப் படமே இங்கே போதும்.

கண் ஒளியைக் குவிக்கும் உறுப்பு. கண்மணிக்குள் நுழையும் சமாந்தரக் கதிர்களை விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கிறது. விழிவெண்படலத்தில் இருக்கும் செறிவோடு பார்த்தால் விழித்திரையில் செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வரை கூடலாம். லேசரின் குணமே கதிர்கள் சிதறாமல் சமாந்தரமாக வருவதுதான். ஆகவே நூறு வாட் மின்குமிழைப் பார்க்கும் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவுள்ள லேசர் கண்ணைச் சுட்டுவிடும்.

400 தொடக்கம் 1,400 நனோமீற்றர் வரையான அலைநீளம் விழித்திரை வரை போகும். இதில் 700க்கு மேல் ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். படைகள் நீண்ட காலமாகத் தூரம் அளக்கவும் குண்டுக்குக் குறி காட்டவும் பாவித்த லேசர் 1,064 நனோமீற்றர். அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் சிமிட்டாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. ஆகவே நோகாது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியவரும். மஞ்சட்பொட்டில் பட்டால் எழுத்து வாசிக்கிறது, முகம் அடையாளம் காண்கிறது, ஊசியில் நூல் கோர்க்கிறது, வலை பின்னுகிறது எல்லாம் போச்சு.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கு. 1,500 நனோமீற்றரை அண்டிய லேசர் விழித்திரைக்குப் போக முன்னமே கண்ணின் முன்பக்கத்தில் உறிஞ்சப்படும். தூரம் அளக்கும் வேலையை அதுவும் செய்யும். பல படைகள் அதற்கு மாறியும் விட்டன. தங்கள் படையினர் ஒருவரையொருவர் பயிற்சியில் குருடாக்கக்கூடாது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். தங்கள் பிள்ளைகளின் கண் என்றவுடன் தொழினுட்பம் எவ்வளவு வேகமாக மாறுது பாருங்கோ.

கணக்கைப் போட்டே பார்ப்போம்

லேசர் பாதுகாப்பில் இரண்டு எண்கள் அடிப்படை. ஒன்று, கண் தாங்கக்கூடிய உச்ச அளவு. மற்றது, அந்த அளவுக்குக் கீழே கதிர் இறங்கும் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பது. அதைக் கண் ஆபத்துத் தூரம் என்று சொல்வோம். அந்தத் தூரத்துக்கு உள்ளே நின்றால் ஆபத்து, வெளியே நின்றால் பாதுகாப்பு என்று கொள்ளப்படுகிறது.

200 மில்லிவாட் பச்சை லேசர் ஒன்றை எடுப்போம். கதிர் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அகலம் விரிகிறது என்று வைப்போம். 100 மீற்றரில் கதிரின் விட்டம் 10 சென்ரிமீற்றர். 200 மில்லிவாட்டை அந்த வட்டத்தின் பரப்பால் பிரித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 25 வாட். கால் செக்கன் நேரம் கண்ணுக்குத் தெரியும் லேசர் பட்டால் கண் தாங்கக்கூடியதாகக் கொள்ளப்படும் அளவும் ஏறத்தாழ அதேதான். ஆக ஆபத்துத் தூரம் 100 மீற்றர். 25 மீற்றரில் நின்றால் அளவு 16 மடங்கு கூடும். நீங்கள் 7x50 தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த 100 மீற்றர் ஏறத்தாழ 700 மீற்றர் வரை நீளலாம்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஊகங்களைத்தான் நாங்கள் கேட்கிறோம். கால் செக்கன் எங்கிருந்து வந்தது? கண் கூசினால் மனிதர் தானாகச் சிமிட்டுவார், முகத்தைத் திருப்புவார் என்ற ஊகத்தில் இருந்து. ஜேர்மனியில் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளில் லேசர் பட்டதும் சிமிட்டியவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சப் பேர் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அத்தோடு, படகை ஓட்டுகிறவர் முகத்தைத் திருப்பினால் படகை யார் பார்ப்பது?

இதற்கு ஒரு நேர்மையான பதில் இருக்கிறது, அதையும் சொல்ல வேணும். அந்த உச்ச அளவு, பாதிப் பேருக்கு விழித்திரையில் காயம் தெரியும் அளவின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் எல்லையைக் கொஞ்சம் தாண்டியவுடன் கண் போய்விடாது. தூரத்தில் பட்ட லேசரால் பெரும்பாலும் வருவது கூச்சமும் சில நிமிட இருட்டும்தான். உண்மை. ஆனால் இரவில் வேகமாகப் போகும் படகிலோ, இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்திலோ சில நிமிட இருட்டு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2018இல் ஜிபூட்டியில் அமெரிக்கப் போக்குவரத்து விமானம் ஒன்றில் இரு விமானிகளுக்குக் கண்ணில் சிறு காயம் ஏற்பட்டதாகவும், லேசர் அருகிலிருந்த சீனத் தளத்தில் இருந்து வந்ததாகவும் அமெரிக்கா முறையிட்டது. சீனா மறுத்தது. காயம் சிறிதுதான். விமானம் விழுந்திருந்தால் அதைச் "சிறிய கண் காயம்" என்று ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வேலிக்குள் எவ்வளவு கவனம்

படைகளுக்கு இது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். வெளிப்புற லேசர் பாவனைக்கென்று அமெரிக்காவில் தனித் தராதரம் இருக்கிறது. நேட்டோவுக்கும் தனி உடன்படிக்கை ஆவணம் இருக்கிறது. பயிற்சித் திடலில் லேசர் அடிக்க முன்னம் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கோ. இலக்குக்குப் பின்னால் மண்மேடோ மலையோ இருக்க வேண்டும். கை நடுங்கும், வாகனம் ஆடும் என்பதால் குறியைச் சுற்றி மேலதிக இடம் ஒதுக்க வேண்டும். கண்ணாடி, மினுங்கும் தகடு எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், தெறித்த கதிரும் சுடும் என்பதால். உள்ளே நிற்பவர்களுக்குக் குறித்த அலைநீளத்தை மறிக்கும் கண்ணாடி கொடுக்க வேண்டும். பொறுப்பான லேசர் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தர முடியாத இடத்தில் சில படைகள் நிகழ்தகவு முறைக்குப் போகின்றன. ஒருவர் அந்த இடத்தில் நிற்பதற்கான வாய்ப்பு, கதிர் அவர் பக்கம் போவதற்கான வாய்ப்பு, அந்த நேரம் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதற்கான வாய்ப்பு, பட்டால் காயம் வருவதற்கான வாய்ப்பு. எல்லாவற்றையும் பெருக்கி, வரும் எண் "ஏற்றுக்கொள்ளத்தக்க" எண்ணுக்குக் கீழே என்றால் பயிற்சி நடக்கலாம்.

இந்த முறையை நாங்கள் பகிடி பண்ணவில்லை. ஆபத்தை எண்ணால் அளப்பது, ஒன்றுமே அளக்காமல் விடுவதை விட ஆயிரம் மடங்கு நல்லது. எங்கள் கேள்வி ஒரு சொல்லில்தான். ஏற்றுக்கொள்ளத்தக்கது. யார் ஏற்றுக்கொண்டது? பயிற்சித் திடலுக்குப் பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டார்களா? அவர் அந்தப் பக்கம் பார்க்கும் வாய்ப்பு இத்தனை வீதம் என்று எழுதியவர், அவர் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று போய்ப் பார்த்தாரா? சத்தம் கேட்டால், வெளிச்சம் தெரிந்தால் மனிசர் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கணக்கு அவரைத் தற்செயலாகத் திரும்பும் பொம்மையாக வைத்திருக்கிறது.

வேலிக்குள் இவ்வளவு கவனம் என்றால், கடலில்? கடலில் மண்மேடு இல்லை. கப்பலின் கண்ணாடி யன்னல்களைக் கழற்ற ஏலாது. எதிர்க் கப்பலில் நிற்பவருக்கு ஒருவரும் கண்ணாடி கொடுப்பதில்லை. தன் சொந்தச் சிப்பாயின் கண்ணுக்காக எழுதப்பட்ட அத்தனை விதியும், அடுத்தவனின் கண் என்றவுடன் காணாமல் போய்விடுகிறது.

"சூட்டை விட நல்லதுதானே?"

இதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். இதைச் சும்மா தட்டிவிட ஏலாது. 2005 மார்ச்சில் பாக்தாத் விமான நிலையப் பாதையில், கடத்தல்காரரிடமிருந்து மீட்கப்பட்ட இத்தாலியச் செய்தியாளர் ஒருவரை ஏற்றிவந்த காரை அமெரிக்கப் படையினர் சுட்டார்கள். அவரை மீட்டுவந்த இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிப்பாரி அந்த இடத்திலேயே செத்தார். பெயர் வெளியே வராமல் சோதனைச் சாவடிகளில் செத்த ஈராக்கியக் குடும்பங்கள் எத்தனையோ. தூரத்திலேயே பச்சை லேசரைக் காட்டி "நில்" என்று சொன்னால் சுடத் தேவையில்லை என்ற வாதம் இந்தச் சாவுகளில் இருந்துதான் வலுப்பெற்றது. 2006 தொடக்கம் திகைப்பூட்டும் லேசர்கள் ஈராக்கில் பெருமளவில் பாவனைக்கு வந்தன.

செத்துப்போறதை விடக் கண் கூசுறது நல்லது. இதில் வாதமே இல்லை. ஆனால் அந்தக் கதையின் மிச்சமும் இருக்கு. 2009இல் வெளிவந்த செய்திகளின்படி, ஈராக்கில் அமெரிக்கப் படையினர் தங்கள் சொந்தப் படையினரின் கண்ணிலேயே இந்த லேசரை அடித்துப் பலர் காயப்பட்டார்கள், ஒருவருக்கு ஒரு கண் பார்வை போனது. பயிற்சி பெற்ற, ஆபத்து என்னவென்று தெரிந்த ஆட்களுக்கே இது நடந்தது. அவர்களின் காயம் படை வைத்தியரிடம் போய், அறிக்கையாகி, செய்தியாக வந்தது. அதே சாவடியில் காரின் முன் சீற்றில் இருந்த ஈராக்கியரின் காயம் எந்த வைத்தியரிடம் போனது? எந்த அறிக்கையில் ஏறியது?

மேலே சொன்ன நான்காவது புள்ளியை இப்போது திரும்பப் பாருங்கோ. அந்தச் சிப்பாய்க்குப் போனது ஒரு கண். நெறிமுறையின் வரைவிலக்கணப்படி அவரும் குருடர் இல்லை.

எங்கள் பதில் சுருக்கமானது. லேசர் துவக்குக்குப் பதிலீடு என்றால், துவக்குக்குரிய ஒழுங்கும் அதற்கு வரட்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் கணக்கு எழுதுவது போல ஒவ்வொரு லேசர் பாவனைக்கும் கணக்கு எழுதட்டும். இத்தனை மீற்றருக்குக் கிட்ட அடிக்கக் கூடாது என்று கருவியிலேயே பூட்டு இருக்கட்டும். அடிபட்டவரைக் கண் வைத்தியரிடம் அனுப்பட்டும். இவை ஒன்றும் இல்லாமல் "உயிராபத்து இல்லாதது" என்ற பெயரை மட்டும் ஒட்டினால் என்ன நடக்கும் என்று உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2016இல் காஷ்மீரில் சிறு ஈயக் குண்டுகளும் அந்தப் பெயரில்தான் அடிக்கப்பட்டன. 2019இல் சிலேயில் றப்பர் குண்டுகளும் அந்தப் பெயரில்தான். இரண்டு இடத்திலும் நூற்றுக்கணக்கான இளம் ஆட்களின் கண்கள் காயப்பட்டன. உயிர் போகாது என்ற நம்பிக்கை, விசையை அமத்தும் விரலை இலகுவாக்கும்.

மாணவர் கையில் இருந்தால் ஆயுதம்

2019 ஓகஸ்ட், ஹொங்கொங். பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர் ஒருவர் கடையில் பத்து லேசர் குறிகாட்டிகள் வாங்கினார். "தாக்கும் ஆயுதம்" வைத்திருந்ததாகப் பொலிஸ் கைதுசெய்தது. அடுத்த நாள் செய்தியாளர் மாநாட்டில் பத்திரிகைத் தாளில் லேசரைப் பிடித்துப் புகை வரவைத்துக் காட்டியது. அன்றிரவே நூற்றுக்கணக்கானவர்கள் விண்வெளி அருங்காட்சியகத்துக்கு முன்னால் கூடி, அதன் சுவரில் லேசர் அடித்து, "எங்கே புகை?" என்று கேட்டார்கள்.

பொலிஸ்காரரின் கண்ணில் லேசர் அடிப்பதை நாங்கள் சரி என்று சொல்லவில்லை. அவருடைய விழித்திரையும் விழித்திரைதான். நாங்கள் காட்ட விரும்புவது அளவுகோலை. மாணவர் கையில் உள்ள குறிகாட்டியை அளக்கும்போது அரசு விளைவைப் பார்க்கிறது: தாளைச் சுடுகிறது, ஆகவே ஆயுதம். ஒரு படை அதைவிட வலுக்கூடிய கருவியைக் கப்பலில் இருந்து அடிக்கும்போது நோக்கத்தைப் பார்க்கிறது: தூரம் அளக்கத்தான் செய்யப்பட்டது, ஆகவே ஆயுதம் இல்லை. பௌதிகம் ஒன்று. சட்டம் இரண்டு.

யார் நிரூபிப்பது?

1997 ஏப்ரலில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஹுவான் டி பூக்கா நீரிணையில், கனடிய ஹெலிகொப்டர் ஒன்றில் இருந்து ரஷ்யச் சரக்குக் கப்பல் ஒன்றைப் படம் எடுத்தார்கள். படம் எடுத்த அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கும் ஹெலிகொப்டரை ஓட்டிய கனடியருக்கும் பிறகு கண் நோவும் பார்வைக் கோளாறும் வந்தன. அதிகாரியின் கண்ணில் இருப்பது லேசர்க் காயத்தோடு ஒத்துப்போகிறது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஏற்றுக்கொண்டது. ஆனால் லேசர் அந்தக் கப்பலில் இருந்துதான் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. அவர் வழக்குப் போட்டும் வெல்லவில்லை.

உலகத்தின் மிகப்பெரிய கடற்படையின் அதிகாரி. கையில் படங்கள். பரிசோதிக்க இராணுவக் கண் நிபுணர்கள். அவராலேயே நிரூபிக்க முடியவில்லை. இந்த இடத்தில் ஒரு மீனவரை வைத்துப் பாருங்கோ. அது பிலிப்பைன்ஸ் மீனவராக இருக்கட்டும், ஒரு கடற்படைக் கப்பல் தூரத்தில் தெரிந்தாலே நெஞ்சு இடிக்கும் எங்கட பக்கத்து மீனவராக இருக்கட்டும். லேசர் சத்தம் போடாது, சன்னம் மிஞ்சாது. வெளியில் காயமும் தெரியாது. முந்திக் கண் எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் பழைய பரிசோதனை அறிக்கையும் இருக்காது. "வயசு போச்சு, வெயில் பட்ட கண்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே "லேசரால் குருடானவர்கள் மிகக் குறைவு" என்ற வாதத்தை நாங்கள் பாதிதான் ஏற்போம். பதிவான எண்ணிக்கை குறைவுதான். பதிய இடமே இல்லாத காயத்தின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

இனி வருவது இன்னும் பெரியது. 2024 ஜனவரியில் பிரித்தானியா தன்னுடைய ட்ராகன்பயர் லேசரால் வானத்தில் இலக்குகளைச் சுட்டதாக அறிவித்தது. ஒரு சூட்டுக்குப் பத்துப் பவுணும் செல்லாதாம், பெருமையாகச் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் இந்தியா கர்நூலில் 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை விழுத்திக் காட்டியது. நாங்கள் மேலே கணக்குப் போட்ட லேசரைப் போல ஒன்றரை லட்சம் மடங்கு வலு. ட்ரோனைச் சுடுவதை நெறிமுறை தடுக்காது. ஆனால் ட்ரோனின் மினுங்கும் உடலில் பட்டுத் தெறிக்கும் மிச்சக் கதிர் எங்கே போகிறது? ஆகாயத்தில் ட்ரோன் எரிந்தால் கீழே நிற்கும் முழு ஊரும் அண்ணாந்து பார்க்கும். அந்தப் பத்துப் பவுண் கணக்கில் அண்ணாந்த கண்களின் விலை சேர்க்கப்படவில்லை.

நாங்கள் கேட்பது

லேசரே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டு நடக்கப் போவதும் இல்லை. நடக்கக்கூடியதைக் கேட்கிறோம்.

வெளியில் பாவிக்கும் ஒவ்வொரு இராணுவ லேசருக்கும் வெறுங்கண்ணுக்கும் தொலைநோக்கிக்குமான ஆபத்துத் தூரம் பகிரங்கமாக்கப்பட வேண்டும். எதிரிக்கு இரகசியம் போய்விடும் என்பார்கள். எதிரியிடம் அதை அளக்கக் கருவி இருக்கு. இரகசியமாக இருப்பது மீனவருக்கு மட்டும்தான்.

விழித்திரையைத் தொடாத அலைநீளத்தால் செய்யக்கூடிய வேலையை விழித்திரையைச் சுடும் அலைநீளத்தால் செய்யக் கூடாது.

தொலைநோக்கியால் பார்க்கும் கண்ணும், ஒற்றைக் கண்ணும் நெறிமுறையின் வரைவிலக்கணத்துக்குள் வர வேண்டும். இலங்கை இந்த நெறிமுறையில் உறுப்பு நாடு. மீளாய்வு மாநாடுகளில் எங்களுக்கும் ஓர் ஆசனம் இருக்கிறது. போரில் கண் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் நாடு அந்த ஆசனத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

கடைசியாக, லேசர் பட்டதாக ஒருவர் முறையிட்டால் தான் அடிக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு கருவி வைத்திருந்தவர் தலையில் விழ வேண்டும். பாவனைப் பதிவேடு கருவிக்குள்ளேயே இருந்தால் இது கஷ்டமான வேலை இல்லை.

"குருடாக்குவது எங்கள் நோக்கமில்லை" என்று எல்லாப் படைகளும் சொல்கின்றன. சரி, நம்புவோம். நோக்கம் இல்லை என்றால் இதில் ஒன்றைச் செய்வதற்கும் அவர்களுக்குத் தடை இருக்கக் கூடாது. செய்ய மறுக்கும் படையின் நோக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் கதைப்போம்.